கரிக்குச் சொந்தக்காரர்

நன்னிலம் தாலுகா ஆபீசிலிருந்து வந்த நோட்டீஸை அம்சம் மூன்று தடவை வாசித்தாள். முதல் தடவை நின்றுகொண்டு, இரண்டாவது தடவை உட்கார்ந்துகொண்டு, மூன்றாவது தடவை வாய்விட்டு. அறிவொளி வகுப்பில் படித்த படிப்பு அவளுடையது. மெதுவாகப் போகும், ஆனால் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடாது.

'கீழப்பொன்னூர் கிராமம், சர்வே எண் 212/3பி-யில் தங்களுக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரு ஏக்கர் நிலத்தைச் சாகுபடி செய்யாமல் தொடர்ந்து தரிசாகப் போட்டுவைத்திருப்பது நிபந்தனை மீறலாகும். பட்டாவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்கு அறுபதாம் நாள் நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்க வேண்டியது.'

தரிசாம்! அந்தத் தரிசை எழுதின மகராசன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், காற்று தெற்கிலிருந்து அடிக்கும்போது அங்கே வந்து நின்றிருக்க வேண்டும். மூன்று மா கொண்ட அந்த ஒரு ஏக்கரின் மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மேடு நின்றது. மண் மேடு இல்லை, குப்பை மேடும் இல்லை. கீழப்பொன்னூர் பேரூராட்சியில் இருக்கிற அத்தனை வீட்டு செப்டிக் டேங்கும் பத்துப் பதினோரு வருஷமாக லாரி லாரியாக வந்து இறங்கி, காய்ந்து, அதன்மேல் மறுபடி இறங்கி வளர்ந்த மேடு. சுருக்கமாகச் சொன்னால், ஊரே சேர்ந்து அவள் நிலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது.

அந்த நிலம் சும்மா வந்ததும் இல்லை. நிலமில்லாதவர்களுக்கு நிலம் தருகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோது, ஊர்ப் பெரிய பண்ணைகள் எல்லாம் "தரிசே இல்லைங்களே" என்று கையை விரித்தன. அம்சமும் அவள் தம்பி வீரையனும் தெற்குத் தெரு சனங்களைத் திரட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்தார்கள். போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய் மூன்று நாள் உள்ளே வைத்தது. அப்புறம்தான் பட்டா வந்தது. ஐந்து வருஷம் சாகுபடியும் செய்தாள். புருஷன் மஞ்சள்காமாலையில் படுத்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியே கதியென்று அவள் கிடந்த அந்த ஒரு போகத்தில்தான் முதல் லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது. அவர் போய்ச் சேர்ந்து காரியம் முடித்து அவள் வயலுக்கு வந்தபோது நாற்பதாவது லாரி நின்றுகொண்டிருந்தது.

தாலுகா ஆபீசில் வருஷத்துக்கு ஒரு தடவை மனு வாங்குகிற ஜமாபந்தி ஒவ்வொன்றிலும் மனு கொடுத்தாள். ஒவ்வொரு மனுவுக்கும் பேரூராட்சியிலிருந்து ஒரே பதில். 'மேற்படி இடத்தில் இப்பேரூராட்சி வாகனங்கள் கழிவு எதையும் கொட்டவில்லை.' அப்படியானால் யார் கொட்டியது? காக்கா கொண்டுவந்து போட்டதா? லாரிக்காரர்கள் நம்பர் பிளேட்டில் சேற்றை அப்பிக்கொண்டு வந்தார்கள். போட்டோ எடுக்கப் போன வீரையனின் போனை வாய்க்காலில் வீசினார்கள். இப்போது நிலம் தரிசு என்று எழுதி, ரத்து செய்து, அதையே பேரூராட்சிக்குக் கசடு கொட்டும் நிரந்தரக் களமாகக் கொடுக்கப் போகிறார்கள். திட்டம் அவ்வளவு அழகாக இருந்தது.

"அறுபது நாளைக்குள்ள மேட்டை எடுத்துட்டு நாத்து விட்டுக் காட்டணும்டா" என்றாள் அம்சம்.

"எடுத்து எங்க போடுவ? எந்த ஊர்க்காரன் வாங்கிக்குவான்?" என்றான் வீரையன். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் அவன். கேள்வி கேட்கப் பிறந்தவன். இந்தத் தடவை கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

பதில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது.

அந்தப் பக்கத்தில் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில் இருந்தது. அதைப் போன வருஷம் வாங்கியவர் ஜெக்கரியா. பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் ஊர் திரும்பி, மாட்டுத் தீவனம் அரைக்கலாம் என்று மில்லை வாங்கினார். நாற்றத்தில் வேலைக்கு ஒரு ஆள் தங்கவில்லை. வளைகுடாவில் அவர் எண்ணெய் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார் என்பது ஊரறிந்த சேதி. அவர் மனைவி மெஹராஜ் பேகம் அதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது.

அவர் வேலியோரம் வந்து நின்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, எடுத்து எங்கயும் போட வேணாம். சுட்டுடலாம்."

"எரிக்கிறதா? மூணு ஊருக்கு நாறுமே பாய்."

"எரிக்கிறது வேற, சுடுறது வேற. உமிக்கரி எப்படிப் போடுவீங்க?"

அம்சம் யோசித்தாள். "உமியைக் குமிச்சு, நெருப்பை உள்ள வச்சு, காத்துப் புகாம மூட்டம் போடுவோம். எரியவுட்டா சாம்பலாப் போயிடும். மூடி வச்சாத்தான் கரி."

"அதேதான் அக்கா! காத்துப் புகாம சூடு ஏத்துனா இதுவும் கரியாயிடும். நாத்தம் போயிடும், கிருமி போயிடும். கரியை மண்ணுல கலந்தா தண்ணியப் புடிச்சு வச்சுக்கும். மேட்டை வேற எங்கயும் தூக்க வேணாம், உங்க மண்ணுக்குள்ளயே போட்டு உழுதுடலாம்."

"இதெல்லாம் எண்ணெய் கம்பெனியில சொல்லிக் குடுத்தாங்களா?" என்று வீரையன் கேட்டான்.

ஜெக்கரியா தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். எண்ணெய் கம்பெனி இல்லை. ஒரு பெரிய நகரத்தின் சாக்கடைக் கசடைச் சுட்டுக் கரியாக்குகிற ஆலை. பன்னிரண்டு வருஷமும் அந்தச் சூளைக்கு முன்னால்தான் நின்றார். வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொன்னதில்லை.

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மெஹராஜ் பேகம் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஒவ்வொரு தடவையும் பெட்டி நெறைய சென்ட் பாட்டில் வாங்கிட்டு வந்தீங்களே, அது இதுக்குத்தானா?"

"ஆமா" என்றார் ஜெக்கரியா.

அவள் முறைத்தாள். முறைப்பு பாதி வழியிலேயே சிரிப்பாக உடைந்துவிட்டது. "அந்த வேலை தெரிஞ்ச ஆளை வச்சுக்கிட்டா நான் ஒரு வருஷமா மூக்கைப் பொத்திக்கிட்டு இருக்கேன்? போங்க, போய் சுடுங்க."

வீரையன்தான் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. மறுநாள் காலையில் சங்கக் கொடிக் கம்பத்தடியில் எல்லோர் முன்னாலும் சொன்னான். "மலத்தைக் கையால தொடமாட்டோம்னு நம்ம ஆளுங்க எத்தனை வருஷம் போராடியிருக்கோம்? இப்ப நிலத்துக்காக நாமளே அள்ளுறதா? நிலமே போனாலும் நம்ம சனம் ஒருத்தர் கை அதுல படக் கூடாது."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

"யார் கையும் பட வேணாம் தம்பி" என்றார் ஜெக்கரியா. "டிராக்டர்ல வாளி மாட்டி அள்ளுவோம். மில்லுல நெல்லை மேல ஏத்துற வாளிச் சங்கிலி கெடக்குது, அதை ஓடவுட்டா டிரம்முல தானா விழும். சங்கிலியில சிக்குனா எடுத்துவுட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான். உங்க சனம் கரியானதுக்கு அப்புறம் வந்தாப் போதும்."

சொன்னதோடு நிற்கவில்லை. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும், கையுறையும், முகத்தில் கவசமும் மாட்டிக்கொண்டு, தானே டிராக்டரில் ஏறி மேட்டின் காய்ந்த ஓரத்தில் வாளியை இறக்கினார். தெற்குத் தெருவே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தது. ஊர்ப் பெரிய மனுஷர்கள் கொட்டியதை பாய் அள்ளுகிறார் என்று சிலருக்கு ஒரே குஷி. வீரையன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, சங்கிலிக்கு கிரீஸ் போட ஆள் இல்லையென்று அவனே உள்ளே போனான்.

அடுப்பு இப்படி அமைந்தது. மில்லில் கிடந்த இரும்பு டிரம்முக்குள் காய்ந்த கசடு. அதற்கு மூடி போட்டு, விளிம்பெல்லாம் களிமண் பூச்சு. அந்த டிரம்மைச் சுற்றிச் செங்கல் சுவர், நடுவில் உமியும் தென்னை மட்டையும் போட்டுத் தீ. மூடியிலிருந்து ஒரு குழாய் வளைந்து கீழே அடுப்புக்குள்ளேயே போகும். உள்ளே கிளம்புகிற ஆவி அந்தக் குழாய் வழியாக அடுப்புக்கு வந்து எரிய வேண்டும். வெளியே வரக் கூடாது.

முதல் அடுப்பு மூட்டிய அன்று காலை எட்டு மணிக்கே கூட்டம் கூடிவிட்டது. முதலில் வெள்ளைப் புகை. "ஈரம் போவுது" என்றார் ஜெக்கரியா. பிறகு மஞ்சள் புகை, குடலைப் புரட்டுகிற நாற்றம். நாலைந்து பேர் முந்தானையை மூக்கில் அமுக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்சம் ஓடவில்லை. பதினோரு வருஷம் முகர்ந்தவளுக்கு இது என்ன?

திடீரென்று அடுப்புக்குள் 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். குழாய் வாயில் தீ பற்றி நீலமும் ஆரஞ்சுமாக நாக்கு நீட்டிச் சுழன்றது. நாற்றம் பட்டென்று நின்றுவிட்டது.

"பத்திக்கிச்சு! உமியை நிறுத்துங்க, இனிமே வேணாம்! அதோட ஆவியே அதைச் சுட்டுக்கும்!" ஜெக்கரியா கத்தினார். பன்னிரண்டு வருஷம் பார்த்த தீயை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறவர் போலக் குதித்தார். அம்சத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னைக் குட்டிச்சுவராக்கின சனியன் தானே எரிந்து தன்னையே சுட்டுக்கொள்கிறதே, இதைவிட ஒரு மனுஷிக்கு வேறென்ன வேண்டும்?

மத்தியானத்துக்குத் தீ அடங்கியது. நாளைக் காலைவரை யாரும் மூடியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜெக்கரியா லுஹர் தொழுகைக்குப் போனார்.

இங்கேதான் அம்சம் கெடுத்தாள். அவள் மட்டுமில்லை, கூட நின்ற கமலவல்லி, ராஜம்மாள் எல்லோரும் சேர்ந்துதான். காலமெல்லாம் நெல் அவித்த கைகள் அவை. அண்டாவில் நெல் வேகும்போது மூடியைத் தூக்கி, ஒரு பிடி எடுத்து, தோல் வெடித்திருக்கிறதா என்று நசுக்கிப் பார்க்காமல் எந்தப் பெண்பிள்ளை இறக்குவாள்?

"வெந்துடுச்சான்னு ஒரு கண்ணு பார்த்துடுவோமே" என்றாள் கமலவல்லி.

"லேசாத் தூக்கு" என்றாள் அம்சம்.

களிமண்ணைத் தட்டி, கம்பியால் மூடியை லேசாகத்தான் தூக்கினார்கள். உள்ளே கருகருவென்று என்ன அழகு! "ஆயிடுச்சுடி!" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, காற்றுப் பட்ட இடமெல்லாம் சிவந்தது. சிவப்பு ஓடிப் பரவியது. மூடியைத் திரும்பப் போட முடியாமல் அனல் அடித்தது. ஜெக்கரியா திரும்பி வந்து பார்த்தபோது டிரம்மில் பழுப்புச் சாம்பல்தான் இருந்தது. பெண்கள் நாலு பேரும் நாலு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நெல்லு அவிச்சீங்களாக்கும்" என்றார் அவர்.

"உமிக்கரிக்கு மூட்டம் போடணும்னு உங்களுக்கே பாடம் எடுத்தேன். நானே தெறந்துட்டேன் பாய்" என்று அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நாள் போய்விட்டது. மிச்சம் ஐம்பத்திரண்டு.

இரண்டாவது டிரம்முக்கு அவளே காவல் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் ஆறிய மூடியைத் திறந்தபோது, உள்ளே அத்தனையும் கரி. கையில் எடுத்தால் கனமே இல்லை. ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டுச் சில்லு போல டிங் என்றது. மூக்கருகில் கொண்டுபோனாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"ஒண்ணுமே இல்ல" என்றாள். "மழை பேஞ்ச அடுப்படி மாதிரி ஒரு வாசம், அவ்வளவுதான்."

"பல்லு வெளக்கலாமா?" என்று கேட்ட வீரையனை எல்லோரும் சேர்ந்து மொத்தினார்கள். ஆனால் அவன்தான் முதலில் ஒரு கூடைக் கரியைத் தோளில் தூக்கியவன்.

அதற்கப்புறம் கீழப்பொன்னூர் தெற்குத் தெருவில் திருவிழாதான். ஒரு டிரம் நாலாகி, நாலு எட்டாயிற்று. மில்லின் நெல் அவிக்கும் பெரிய தொட்டியையே ஜெக்கரியா அடுப்பாக மாற்றிவிட்டார். காலையில் மூட்டி, மறுநாள் காலையில் திறப்பது. திறக்கும்போது கைதட்டல். கரியை மாட்டு மூத்திரத்திலும் சாணிக் கரைசலிலும் ஊறப்போட்டு, மேடு விலகிய இடத்தில் அம்சம் அடியுரமாகப் போட்டு உழுதாள். சோதனைக்காக ஒரு மூலையில் விட்ட நாற்று, பக்கத்து வயல் நாற்று முறைத் தண்ணீருக்காகக் காத்து வாடி நின்றபோதும், பச்சை மாறாமல் நின்றது. வேளாண் கல்லூரிக்காரர்கள் வந்து கரியை வாங்கிப்போய்ச் சோதித்து, கிருமி இல்லை, உலோகங்கள் அளவுக்குள் இருக்கின்றன, வயலில் போடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். ஜெக்கரியா அருகில் மெஹராஜ் பேகம் நின்று, "எங்க வீட்டு அவங்க அங்க இதுல பெரிய ஸ்பெஷலிஸ்ட்" என்று பேட்டி கொடுத்தாள்.

எல்லாம் சரி. நாள்தான் நிற்கவில்லை. ஐம்பதாம் நாள் அம்சம் வரப்பில் நின்று பார்த்தாள். மேட்டில் பாதிகூடக் குறையவில்லை. பதினோரு வருஷத்துக் கசடு அறுபது நாளில் சுட்டு முடியுமா? இன்னும் இரண்டு மா நிலம் அடியில் கிடந்தது. ஒரு மூலை நாற்றைக் காட்டி, சாகுபடி செய்கிறேன் என்றால் தாசில்தார் ஒப்புக்கொள்வாரா?

ஐம்பத்து மூன்றாம் நாள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பேரூராட்சித் தலைவர் இராஜாங்கம் இறங்கினார். பின்னாலேயே கிளார்க் தியாகு, கையில் ஃபைலோடு.

இராஜாங்கம் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. போட்டோவில் தன் முகம் விழவில்லையென்றால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. பத்திரிகையில் கரிச் செய்தி வந்து, கலெக்டரே அதைப் பாராட்டிப் பேசி, சிறந்த பேரூராட்சி விருதுக்குக் கீழப்பொன்னூர் பெயரை அனுப்பச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் சென்னையிலிருந்து குழு வருகிறது. ஆனால் விருது விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. மூலப்பொருள் பேரூராட்சிக்குச் சொந்தமானதா?

"அம்சம், நல்லாயிருக்கியா?" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் விசாரிப்பு. "இந்தா, ஒரு லெட்டர். வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போடு."

அவள் வாங்கி, வரப்பில் உட்கார்ந்து, எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

'சர்வே எண் 212/3பி-யில் உள்ள கழிவுக் கசடு இப்பேரூராட்சி வாகனங்களால் கொட்டப்பட்டு இப்பேரூராட்சிக்குச் சொந்தமானது. எனவே அதிலிருந்து தயாரிக்கப்படும் கரி முழுவதும் இப்பேரூராட்சியின் உடைமை என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.'

வீரையனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "நாறுனப்ப எங்களுது இல்லேன்னீங்க, மணந்தா உங்களுதா? குடு அக்கா, கிழிச்சு அவர் மூஞ்சியிலயே..."

"சும்மா இருடா" என்றாள் அம்சம்.

அவள் இன்னொரு தடவை வாசித்தாள். 'இப்பேரூராட்சி வாகனங்களால் கொட்டப்பட்டு.' பதினோரு ஜமாபந்தியில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத வரி. முத்திரை போட்டு, கையெழுத்துப் போட்டு, காரில் வைத்து வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். சிரித்துவிடக் கூடாது என்று உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டாள். முகத்தை நன்றாக வாட்டமாக வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தலைவரே, கஷ்டப்பட்டுச் சுட்டதெல்லாம் நாங்க. முழுசும் உங்களுதுன்னா எப்படிங்க? இதுல பாதி வெளியூர் லாரியும் கொட்டிச்சே."

"எந்த வெளியூர்? அத்தனையும் நம்ம லாரிதான்!"

"அப்படி வாயால சொன்னா ஆச்சுங்களா? சென்னையிலேருந்து வர்றவங்க கேட்டா நான் என்னான்னு சொல்றது? என்னிக்கிலேருந்து கொட்டுனீங்க, எத்தனை லோடுன்னு இருந்தாத்தானே மேடு முழுக்க உங்களுதுன்னு ஆவும்?"

இராஜாங்கத்துக்கு அது நியாயமாகப் பட்டது. "தியாகு, லாரி டிரிப் ரிஜிஸ்டர் இருக்குல்ல? மொத நாள்லேருந்து நகல் எடுத்து இதோட சேரு."

தியாகு காதோடு காதாக, "ஐயா, எக்சிகியூடிவ் ஆபீசர் லீவுல இருக்காரு, அவரையும் ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தார்.

"குழு அடுத்த வாரம் வருதுய்யா! ஈ.ஓ. வந்து விருது வாங்கப் போறாரா, நான் வாங்கப் போறேனா?"

அன்று சாயங்காலமே ரிஜிஸ்டர் நகல் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் இராஜாங்கத்தின் கையெழுத்தும் பேரூராட்சி முத்திரையும். முதல் லாரி இறங்கிய தேதியை அம்சம் விரல் வைத்துப் பார்த்தாள். அவள் புருஷனுக்குத் தஞ்சாவூரில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த வாரம் அது. பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கார் கிளம்பிப் போனதும் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடினாள். வயசு ஐம்பத்திரண்டு என்பதெல்லாம் அப்போது ஞாபகத்தில் இல்லை.

"பாய்! பாய்! தலைவர் நம்ம கேசை ஜெயிச்சுக் குடுத்துட்டாருங்க!"

அறுபதாம் நாள் நன்னிலம் தாலுகா ஆபீஸில் இடமில்லை. தெற்குத் தெரு பாதி வந்திருந்தது, ஜெக்கரியா வீட்டு ஆட்கள் வேனில் வந்திருந்தார்கள். நிலம் பேரூராட்சிக்கு வரப்போகிறது என்ற நினைப்பில் இராஜாங்கமும் துண்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் இருந்தார். தாசில்தார் மங்களாம்பிகை புதிதாக மாற்றலாகி வந்தவர். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, நிலத்தை ஏன் இத்தனை வருஷம் தரிசாப் போட்டீங்க?"

அம்சம் முன்னால் வந்தாள். கடிதத்தையும் ரிஜிஸ்டரையும் மேஜைமேல் வைத்தாள்.

தாசில்தார் வாசித்தார். பக்கம் புரட்டினார். இன்னும் புரட்டினார். பழைய ஃபைலைத் திறந்து, 'இப்பேரூராட்சி வாகனங்கள் கழிவு எதையும் கொட்டவில்லை' என்ற பதினோரு பதில்களையும் எடுத்து வரிசையாகப் பக்கத்தில் அடுக்கினார்.

"தலைவர் சார், இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்கம்மா" என்று எழுந்தார் இராஜாங்கம், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "மேடு முழுக்க எங்களுதுதான். முதல் லோடுலேருந்து கணக்கு இருக்கு."

"பட்டா நிலத்துல, சொந்தக்காரங்க அனுமதி இல்லாம, நாலாயிரத்துச் சொச்சம் லோடு."

இராஜாங்கம் "ஆமாங்..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டார். சேதி மெதுவாக அவர் முகத்தில் இறங்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, மெஹராஜ் பேகம் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாசில்தார் பேனாவை எடுத்தார். சாகுபடி நின்றதற்குப் பட்டாதாரர் பொறுப்பில்லை என்பது பேரூராட்சியின் சொந்த ஆவணத்தாலேயே உறுதியாவதால் நோட்டீஸ் ரத்து என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார். மிச்சமுள்ள கசடு முழுவதையும் அதன் சொந்தக்காரரான பேரூராட்சி தன் செலவிலேயே எடுத்து, தன் இடத்திலேயே கரியாக்கிக்கொள்ள வேண்டும். கெடு அறுபது நாள்.

"அம்மா, அதை எங்களுக்குச் சுடத் தெரியாதுங்களே" என்றார் இராஜாங்கம் பலவீனமாக.

"நான் சொல்லித் தர்றேன் தலைவரே" என்றார் ஜெக்கரியா. "மொதல்ல பூட்ஸ் போடணும்."

"அப்ப... இதுவரைக்கும் சுட்ட கரி?"

அம்சம் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மண்ணுல உழுதுட்டேனுங்க. மிச்சம் மூட்டையில இருக்குறதை எடுத்துட்டுப் போங்க. விருதுக்கு ஆவும்."

ஆபீஸே வெடித்துச் சிரித்தது. வீரையன் அக்காளைத் தூக்கிச் சுற்றப் போய், இடுப்புப் பிடித்துக்கொண்டு பாதியில் விட்டான். அம்சத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்சம் ஆறியதும் போனை எடுத்தாள். முப்பது வருஷமாக நடவுக்குப் பெண்களைக் கூட்டிப்போகிறவள் அவள். பண்ணைக்காரர்கள் முதல் நாள் சொல்லி அனுப்புவார்கள், இவள் நாலு வீட்டுக்குச் சேதி சொல்வாள், விடிந்ததும் கிளம்புவார்கள். அன்று வராமல் வீட்டில் தங்கிவிட்ட கமலவல்லியைக் கூப்பிட்டாள்.

"கமலா, நாத்துப் பறிக்கணும். சுத்தம் பண்ணுன ஒரு மாவை நாளைக்கே நட்டுடுவோம். நாலு பேரைச் சொல்லி வை."

"சரிக்கா. யாரு வயலு?" என்று கமலவல்லி வழக்கம்போலக் கேட்டாள்.

அம்சம் போனைக் காதிலிருந்து எடுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் "அக்கா, அக்கா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"என் வயலுடி" என்றாள்.